சுமக்கும் உயிரின் நோவு

மனிதனோடு கூடி வாழ்ந்து அவனுக்கு உழைக்கும் விலங்குகள் பல. எருது ஏரும் வண்டியும் இழுக்கும். பசு பால் தரும். நாய் வாயில் காக்கும். குதிரையோ தன் முதுகையே மனிதனுக்கு இருக்கையாகத் தந்தது. ஆதலின் பண்டைத் தமிழர் அதனைப் பெரிதும் போற்றினர். மலையமான் திருமுடிக்காரி ஏறிய குதிரைக்குக் காரி என்பது பெயர். வல்வில் ஓரி ஏறிய குதிரைக்கு ஓரி என்பது பெயர். ஏறுவோனும் ஏறப்படுவதும் ஒரே பெயரால் வழங்கப்பெற்றமை, அவ்விரண்டிற்கும் இருந்த நெருக்கத்தைக் காட்டும். போர்க்களத்தில் குதிரை காட்டும் வீரத்தைப் பாடுதற்கெனக் 'குதிரை மறம்' என்னும் துறையையும் புலவர்கள் வகுத்தனர்.

குதிரையின் விரைவைக் கண்டு மகிழ்வது எளிது. அதன் நோவை அறிவது அரிது. இவ்வுண்மைக்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ என்பார், அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் கப்பலேறி இங்கு வந்ததையும், அரசர் அவற்றை மிக்க விலை கொடுத்து வாங்கியதையும் எழுதியுள்ளார். அவ்வாறு வந்தவற்றுட் பல விரைவில் மடிந்தன. தட்பவெப்பமும் உணவும் ஒவ்வாமை ஒரு காரணம். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமை மற்றொரு காரணம். குதிரைகளைக் கொணர்ந்த வணிகர் குதிரை மருத்துவரைக் கொணரவில்லை. குதிரைகள் இறந்துகொண்டே இருந்தால்தானே அவர்தம் வாணிகம் ஓங்கும்! பொன் கொடுத்தால் குதிரை கிடைக்கும். குதிரையைப் பேணும் அறிவு பொன்னால் மட்டும் கிடைப்பதன்று.

போர்க்குதிரைகளின் காலம் கழிந்துவிட்டது. எனினும் குதிரையின் முதுகில் மனிதன் ஏறுவது ஒழியவில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் சிறுவரை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கும் சிறு குதிரைகளைக் கண்டோர் பலர். இவற்றை மட்டக்குதிரை என்பர். தோளின் உச்சிவரை அளந்தால் உயரம் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதிரையை மட்டக்குதிரை எனக் கொள்வது மேனாட்டார் வழக்கு. சிறுவர் மட்டக்குதிரை ஏறிப் பழகுதல் மிகுதியாக வளர்ந்துள்ள நாடு இங்கிலாந்து ஆகும். அங்கு இளைஞர்க்குக் குதிரையேற்றமும் குதிரை பேணலும் கற்பிக்கும் மட்டக்குதிரைக் கழகம் ஒன்று 1929இல் தோன்றி, இன்றும் நடைபெற்று வருகின்றது. அங்கும் சரி, இங்கும் சரி, ஏறிச் செல்லப்படும் மட்டக்குதிரையைப் பெரிதும் வருத்துவன இரண்டு நோய்கள். ஒன்று மூட்டு நோய். மற்றொன்று முதுகு நோய். இவற்றை அறிதற்கு முதலில் அதன் உடலமைப்பை அறிதல் வேண்டும்.

குதிரையின் கால் வியப்பிற்குரியது. அதன் முன்காலின் நடுவே முழங்கால் போலத் தோன்றும் மூட்டு உண்மையில் முழங்கால் அன்று. மனிதனின் மணிக்கட்டிற்கு நேரானது. பின்காலின் நடுவே பின்னோக்கி முனைந்து நிற்கும் மூட்டு மனிதனின் கணுக்காலுக்கு நேரானது. குளம்பு என்பது ஒரே விரலின் நகம். எனவே குதிரை தன் முழுப் பாரத்தையும் காலுக்கு ஒரு விரலாக, நான்கு விரல் நுனிகளில் தாங்கி நிற்கின்றது எனலாம். அப்பாரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே ஏற்கின்றன. மனிதனுக்குள்ளது போன்ற காறையெலும்பு குதிரைக்கு இல்லை. அதன் மார்புக்கூடு இரு முன்னங்கால்களுக்கும் இடையே தசைகளால் தொட்டில்போலத் தொங்கவிடப்பட்டுள்ளது.

முதுகின் அமைப்பும் அறியத்தக்கதே. குதிரைக்கு விலா எலும்புகள் 18 இணை உண்டு. அவற்றைத் தாங்கும் முள்ளெலும்புகளும் 18. அவற்றின் பின்னே இடுப்பில் 6 முள்ளெலும்புகள் உள. ஒவ்வொரு முள்ளெலும்பின் மேலும் ஒரு முள்நீட்சி எழுந்து நிற்கும். ஏறுவோன் அமரும் இடம் இம்முள்நீட்சிகளின் வரிசைக்கு மேலாகும். கீழே இவ்வரிசையைத் தாங்கத் தூண் ஏதும் இல்லை. முதுகின் தசைகளும் அடிவயிற்றின் தசைகளும் ஒருங்கு வலிமையுற்று நின்றால்தான் அது பாலம்போல் நின்று பாரம் தாங்கும். அத்தசைகள் தளர்ந்தால் முதுகு தாழும். முள்நீட்சிகள் ஒன்றையொன்று நெருங்கும். சில குதிரைகளில் அவை உராய்ந்து பெருநோவு விளைக்கும்.

மூட்டும் முதுகும் வேறு வேறு இடங்களில் உள்ளனவாயினும் அவற்றின் நோய்கள் ஒன்றோடொன்று தொடர்புடையன. பின்காலின் நடுமூட்டு ஒரே மூட்டன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல மூட்டுகளின் தொகுதி. மேலுள்ளதே பெரிதும் அசைவது. கீழுள்ளவை சிறிதே அசைவன. ஆண்டுகள் பல உழைத்த குதிரைக்கு அக்கீழ் மூட்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து நோவு தோன்றும். நோவு தோன்றிய காலைக் குதிரை வயிற்றின் கீழே நன்கு முன்வைத்து ஊன்றாது. பின்கால் ஊன்றாவிடின் முதுகு நிமிராது, தசைகள் விறைத்துக்கொள்ளும். காலில் பிறந்த நோய் இவ்வாறு முதுகில் ஏறும். முதுகில் பிறந்த நோயும் நடையைக் கெடுத்துக் காலில் இறங்கும். ஆதலின் ஓரிடத்தை மட்டும் நோக்கி மருந்திடுவார் முழுப் பயன் பெறார்.

இந்நோய் எவ்வாறு வெளிப்படும்? ஓர் எடுத்துக்காட்டுக் கருதுக. பன்னிரண்டு அகவைச் சிறுமி ஒருத்தியிடம் பதினான்கு ஆண்டு நிரம்பிய மட்டக்குதிரை ஒன்று உளது. நல்ல குணமுடையது, அவள் குரல் கேட்டால் வேலியருகே ஓடிவருவது. அண்மைக்காலமாக அதன் இயல்பு மாறிவிட்டது. சேணத்தைக் கொணரக் கண்டால் காதுகளைப் பின்னே மடக்குகின்றது. வயிற்றுவாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகின்றது. ஏறியபின் வாலை ஓயாது சுழற்றுகின்றது. தாண்டிப் பழகிய தடைமரத்தின் முன் நின்றுவிடுகின்றது. காண்போர், “குதிரை சோம்பிவிட்டது, சவுக்கைக் காட்டு, வழிக்கு வரும்” என்கின்றனர். சிறுமிக்கோ கை எழவில்லை. எனினும் குதிரை கீழ்ப்படியாமையால் அவளுக்கு நாணமும் வருத்தமும் மிகுகின்றன.

இங்கேதான் அறிவு வேண்டும். குதிரை, கூட்டமாய் வெளியில் மேய்ந்து, கொடுவிலங்கிற்கு அஞ்சி வாழ்ந்த இனம். நொண்டுவதை வெளிக்காட்டிய குதிரை புலிக்கும் ஓநாய்க்கும் முதலில் இரையாகும். ஆதலின் நோவை மறைத்தல் அதன் பிறவிக் குணமாயிற்று. அடிபட்ட நாயைப்போல அது கதறாது. அதன் நோவு, மனிதன் குணக்கேடு என்று கருதும் செயல்களாகவே வெளிப்படும். சினத்தோடு குதிரையை அணுகலாகாது எனக் கிறித்து பிறப்பதற்கு முந்தைய 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் வற்புறுத்தினார். அவர் அறநெறி பற்றிக் கூறிய அறிவுரைக்கு இக்காலத்து ஆய்வு அரண் செய்கின்றது. இங்கிலாந்து நாட்டுக் குதிரை மருத்துவ அறிஞர் சூ டைசன் என்னும் அம்மையார், ஏறிச் செல்லும்போது குதிரை காட்டும் 24 செயல்களை வகைப்படுத்தி, 2018இல் வெளியிட்டார். காது மடக்கல், வாய் திறத்தல், தலை சாய்த்தல், வால் சுழற்றல், இடறல், முன்செல்ல மறுத்தல் முதலியன அவற்றுட் சில. அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ ஒரு குதிரையிடம் காணப்படின், அதன் உடலில் நோவு இருத்தல் கூடும் என்பது அவர் கண்ட முடிபு. சோம்பல் என்று அடிக்கப்பட்ட குதிரைகளுள் எத்தனை நோயால் நின்றனவோ!

ஆகவே அச்சிறுமி செய்யத்தக்கது சவுக்கை எடுப்பதன்று, சேணத்தை இறக்குவதே. பின்னர்க் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். தேர்ந்த மருத்துவர் முதலில் குதிரையைக் கடினத் தரையிலும் மென்தரையிலும் நடத்தியும் ஓட்டியும் பார்ப்பார். பின்காலை மடக்கி ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடச் செய்து நடை நோக்குவார். ஐயமுள்ள மூட்டினருகே உணர்வகற்றும் மருந்தைச் செலுத்தி, நொண்டல் நீங்குகின்றதா எனக் காண்பார். அதன் பின்னரே ஊடுகதிர்ப் படம் எடுப்பார். படம் மட்டும் கண்டு முடிவு கட்டுதல் பிழை. முள்நீட்சிகள் நெருங்கியிருப்பது படத்தில் தெரிந்தும் நோவே இல்லாத குதிரைகள் பல உண்டு. கண்ணும் கையும் கண்டதோடு படம் ஒத்துப்போதல் வேண்டும்.

நோய் இன்னதெனத் தெரிந்தபின் மருந்தே அனைத்தையும் செய்யும் என எண்ணலாகாது. வீக்கமும் நோவும் தணிக்கும் மருந்துகள் உண்டு. மூட்டினுள் செலுத்தும் மருந்தும் உண்டு. ஆயினும் நோவு தணிக்கும் மருந்தை அளவின்றி நெடுநாள் கொடுத்தால் இரைப்பையில் புண் உண்டாகும். ஆதலின் மருத்துவர் குறித்த அளவினும் காலத்தினும் சிறிதும் மிகலாகாது. மேலும், மருந்தால் நோவு மறைந்த குதிரையை முன்போல ஓட்டினால், நோவு மறையினும் கேடு வளரும். மருந்து வழி திறக்கும். அவ்வழியே நடத்திச் செல்வது நாள்தோறும் செய்யும் பேணலே ஆகும்.

பேணலுள் முதலாவது பாரம் அறிதல். அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் எட்டுக் குதிரைகளைக்கொண்டு நிகழ்த்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு குதிரையும் தன் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பாரம் சுமந்து பயிற்சி செய்தது. 25 விழுக்காடு சுமந்தபோதும் 30 விழுக்காடு சுமந்தபோதும் தசை நோவும் இறுக்கமும் மிகுந்து காணப்பட்டன. ஆதலின் ஐந்தில் ஒரு பங்கே நலமான குதிரைக்கும் மேலெல்லை என்பர். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை, சேணமும் கடிவாளமும் உட்பட 50 கிலோவே சுமக்கலாம். மூட்டோ முதுகோ நொந்த குதிரைக்கு அதனினும் குறைத்தல் வேண்டும். குழந்தை வளர்கின்றது, குதிரை வளர்வதில்லை. சென்ற ஆண்டு ஏற்புடையதாய் இருந்த பாரம் இவ்வாண்டு மிகையாகலாம். இளங்குதிரையின் முதுகெலும்பு முற்றி வளர்ந்து முடிய 5, 6 ஆண்டுகள் ஆகும் என்பதையும் நினைவிற் கொண்டு, அதுவரை பாரத்தை அளவாகவே வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சேணம். சேணம் தோளெலும்பின் பின்னே அமைய வேண்டும். கடைசி விலாவைக் கடந்து இடுப்பின்மேல் செல்லலாகாது. நடுவே முதுகெலும்பைத் தொடாத இடைவெளி முன்னிருந்து பின்வரை இருத்தல் வேண்டும். இருபுறமும் பாரம் சமமாகப் பரவுதல் வேண்டும். உழைத்தபின் சேணத்தை எடுத்து நோக்குக. எங்கும் வியர்த்திருக்க ஓரிடம் மட்டும் உலர்ந்திருப்பின், அங்குச் சேணம் அழுத்துகின்றதோ என ஐயுறல் வேண்டும். மயிர் வெளுத்த புள்ளிகள் இருப்பின், அவை பழைய அழுத்தத்தின் வடுக்கள். உடல் மெலிந்தாலும் தடித்தாலும் முதுகின் வடிவு மாறுமாதலின், ஒருமுறை பொருந்திய சேணம் என்றும் பொருந்தும் என்பதில்லை. ஏறும்போது அங்கவடியில் கால்வைத்துத் தரையிலிருந்து தொங்கி ஏறுதல் முதுகை முறுக்கும். ஒரு மேடையின்மேல் நின்று மெல்ல அமர்தல் நன்று.

மூன்றாவது, குளம்பு. கட்டடத்திற்குக் கடைக்கால் எத்தகையதோ குதிரைக்குக் குளம்பு அத்தகையது. குதிரை வாங்குவோன் முதலில் காலையே நோக்குக என்பது செனபோன் கருத்து. குளம்பின் முனை நீண்டுவிட்டால் ஒவ்வோர் அடியிலும் மூட்டும் தசைநாணும் வருந்தும். லாடம் அடிப்பவர் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி ஒழுங்கு செய்தல் வேண்டும். மூட்டு நொந்த குதிரைக்குக் காலை நெடுநேரம் மடக்கி உயர்த்தி நிற்றல் துன்பமாகும். லாடம் அடிப்பவரும் அதனை அறிந்து, காலைத் தாழப் பிடித்து, இடையிடையே இறக்கிவிடுதல் வேண்டும்.

நான்காவது, உணவு. மட்டக்குதிரை வறண்ட மேட்டுப்புல்லை மேய்ந்து வாழ்ந்த இனம். அதற்குச் செழும்புல்லும் தானியமும் மிகக் கொடுத்தல் அன்பு போலத் தோன்றினும் தீங்கே பயக்கும். மிகுந்த கொழுப்பு மூட்டுகளின்மேல் என்றும் இறங்காத சுமையாகும். குளம்பினுள் அழற்சி தோன்றி நிற்கவும் இயலாத நிலைக்கும் கொண்டுசெல்லும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கு எளிதில் தட்டுப்படும் அளவே ஏற்ற உடல்நிலை.

ஐந்தாவது, இயக்கம். நொந்த மூட்டிற்கு ஓய்வே மருந்து என்று குதிரையை லாயத்தில் கட்டிவைப்பது பொதுவாகப் பொருந்தாது. கடும் நோவுள்ள காலத்தில் மருத்துவர் சொல்வழி ஓய்வு வேண்டும். பிற காலங்களில் மெல்லிய இயக்கமே மூட்டை இளக்கும். நாளின் பெரும்பகுதி வெளியில் மேய விடுதல் நன்று. ஏறுவதாயின் முதல் 10, 15 நிமிடங்கள் நடையாகவே செலுத்துதல் வேண்டும். சிறு வட்டமாகச் சுற்றுவித்தல் மூட்டைத் திருகும். கடினத் தரையில் ஓட்டுதல் மூட்டை அதிர்விக்கும். ஆழ்ந்த மணலில் ஓட்டுதல் தசைநாணை இழுக்கும். இவற்றைத் தவிர்த்து, மெல்லேற்றமான சரிவில் நேராக நடத்துதலும், தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டி நடக்கச் செய்தலும் பயன் தருவன.

ஏறாமலே முதுகை வலிமையாக்கும் பயிற்சியும் உண்டு. ஒரு காரட்டுக் கிழங்கைக் கையில்கொண்டு, குதிரை கழுத்தை வளைத்து மார்பருகும், பின் முன்னங்கால்களின் இடையும், பின் இருபுறத்து விலாவருகும் வாய் கொணரச் செய்தல் வேண்டும். இவ்வாறான பயிற்சியை வாரத்திற்கு ஐந்து நாளாக மூன்று திங்கள் செய்வித்தபோது, முதுகெலும்பை ஒட்டிநின்று அதனை நிலைநிறுத்தும் ஆழ்தசை பருத்து வளர்ந்ததை ஹிலாரி கிளேட்டன் முதலிய ஆய்வாளர் 2011இல் காட்டினர். மருந்துக்கடையில் கிடைக்காத வலிமையைப் பொறுமையும் ஒரு கிழங்கும் தருகின்றன.

ஆறாவது, உறக்கம். குதிரை நின்றபடியே உறங்கும் என்பர். அது முழு உண்மையன்று. ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு அது படுத்தே ஆதல் வேண்டும். மூட்டு நொந்த குதிரை, படுத்தால் எழ இயலாதே என அஞ்சினாற்போலப் படுக்காது நிற்கும். நாள்கள் செல்லச்செல்ல நின்றநிலையிலேயே கண் செருகி முழந்தாள் மடிந்து சாயும். முன்னங்கால் மூட்டுகளின் முன்புறத்தில் காரணம் தெரியாத சிராய்ப்புகள் காணின், இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வைக்கோலை ஆழமாகப் பரப்பிய அகன்ற படுக்கை அதற்குப் பேருதவியாகும்.

இவை யாவற்றிற்கும் மேலாக வேண்டுவது நாள்தோறும் நோக்கும் கண்ணும் தடவும் கையும் ஆகும். காலையில் சேணமிடுமுன் முதுகின் இருமருங்கும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திச் செல்க. எங்குத் தசை துடிக்கின்றது, எங்கு முதுகு தாழ்ந்து விலகுகின்றது எனக் காண்க. நான்கு கால்களின் மூட்டுகளையும் தொட்டு வெம்மையும் வீக்கமும் அறிக. கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், நாளடைவில் நலிவதும் தேறுவதும் விளங்கும். பாரதப் போருக்கு முன், விராடன் நகரில் மறைந்து வாழ்ந்த நாளில் நகுலன் குதிரைகளைப் பேணும் தொழிலை விரும்பி ஏற்றான் என்பர். அரசகுமாரனுக்கும் இழுக்காகாத தொழில் அது.

இவ்வாறெல்லாம் பேணியும் தேய்ந்த மூட்டுப் பழையபடி ஆவதில்லை. சில குதிரைகளில் பின்காலின் கீழ் மூட்டுகள் காலப்போக்கில் ஒன்றாய் இறுகி, நோவு தணிவதுண்டு. அத்தகையன மெல்லிய உழைப்பிற்குத் திரும்பலாம். எடுத்துக்காட்டிற் கூறிய மட்டக்குதிரையும் மீண்டும் நடைபயிலலாம். ஆனால் தடைமரம் தாண்டுதல் அதற்கு இனி இல்லை. போட்டியில் பரிசு பெற விழையும் சிறுமிக்கு இது கடினமான செய்தியே. அவளும் வளர்ந்து வருகின்றாள். ஓரிரு ஆண்டுகளில் அவள் எடையே அதற்கு மிகையாகும். அப்பொழுது அவள்முன் நிற்கும் கேள்வி ஒன்றுண்டு. ஏறுதற்குப் பயன்படாத குதிரை அவளுக்கு யாது? நோயை மறைத்து வேறொருவர்க்கு விற்றுவிடுவோர் உளர். அங்ஙனம் விற்கப்பட்ட குதிரை, தன்னை அறியாதார் கையில் மீண்டும் சவுக்கின் கீழ் நிற்கும். பேணப்பட்ட மட்டக்குதிரை 25, 30 ஆண்டுகளும் வாழ்வதுண்டு. ஆதலின் பதினைந்தாம் ஆண்டில் சேணம் இறக்கப்பட்டது முதல் அதன் வாழ்வில் பாதி இன்னும் எஞ்சியிருக்கலாம். உழைத்த காலத்திற்கு ஈடாக மேய்ச்சலும் நிழலும் துணைக்கு ஒரு குதிரையும் அளித்து அதனைக் காத்தல் உடையவர் கடன். எதனாலும் தணியாத நோவு சூழ்ந்த நாளில் மருத்துவரோடு கலந்து அதன் துன்பத்தை முடித்துவைத்தலும் அக்கடனுள் அடங்கும்.

குதிரையேற்றம் கற்போர் முதலில் கற்பது எவ்வாறு ஏறுவது என்பது. பின்னர்க் கற்பது எவ்வாறு செலுத்துவது என்பது. எப்பொழுது இறங்குவது என்பதைக் கற்றவரே அக்கலையை முற்றக் கற்றவர் ஆவர்.